கம்ப்யூட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் லேப்டாப் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் திறந்தால் இரவு வரை அதே மேசை, சார்ஜரும் செருகியபடியே. இடம் மாறாத வேலைக்கு லேப்டாப் வாங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அதே பணத்துக்கு டெஸ்க்டாப் கூடுதல் வேகம் தரும். கீபோர்டு போனால் சில நூறு ரூபாயில் வேறு வாங்கி மாட்டிவிடலாம். லேப்டாப்பில் அதற்கே பாடியைக் கழற்ற வேண்டும்.

"லேப்டாப்பில் ஐ7 தருகிறார்களே" என்பார்கள். இன்டெல் பிராசசர் வரிசையில் ஐ5க்கு மேல்படி ஐ7 என்ற நினைப்புதான். லேப்டாப்பில் வரும் ஐ7-1255யு அடிப்படையில் 15 வாட்டில் ஓடும்படி அமைத்தது. டெஸ்க்டாப்பின் ஐ5-12400க்கு அது 65 வாட். மணிக்கணக்காக ஓடும் கனமான வேலையில் ஐ5தான் முந்தும்.

டெஸ்க்டாப் எடுப்பவர்கள் யுபிஎஸ்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பில் போடும்போது கரண்ட் போனால், டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டாவே கெட்டுப்போகலாம். 600 விஏ யுபிஎஸ் இருந்தால் சேவ் செய்து நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கும். வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதா? பல மாடல்களில் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால் கரண்ட் மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். அந்த ஸ்விட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள்.

திரைக்குள்ளேயே கம்ப்யூட்டர் அடங்கிய ஆல்-இன்-ஒன் பார்க்க அழகுதான், இடமும் மிச்சம். ஆனால் திரை போனால் மொத்தத்தையும் சர்வீஸுக்குத் தூக்க வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், அந்த ஒல்லி உடம்புக்குள் சூடு தங்கும். இடம்தான் பிரச்சினை என்றால் மினி பிசியும் தனி மானிட்டரும் எடுங்கள்.

மேக்புக், குரோம்புக் எல்லாம் நல்லவைதான். ஆனால் டேலி விண்டோஸுக்காகச் செய்தது. தினமும் திறக்கும் மென்பொருள் அதில் நேரடியாக ஓடுமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

நிறையப் பேர் ஏமாறுவது செகண்ட் ஹேண்டில். சீட்டில் "ஐ7, 16 ஜிபி" என்று மட்டும் எழுதியிருக்கும். எந்தத் தலைமுறை என்று இருக்காது. கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி, செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய்ப் பாருங்கள். ஐ7-4770 என்றிருந்தால் கோட்டுக்குப் பின்வரும் 4தான் தலைமுறை. 2013இல் வந்த சிப். 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு கோர்தான், ஆனாலும் அந்தப் பழைய ஐ7ஐ நன்றாகவே முந்திவிடும். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பட்டியலில், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். அதற்குக் கீழே இருப்பதை டேலி, பேங்க் வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

காலேஜ் போகும் பிள்ளைக்கு லேப்டாப்தான் சரி. அங்கே பார்க்க வேண்டியது எடை, எஸ்எஸ்டி, ரேம். 8 ஜிபி ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்ததா, கூடுதலாகப் போட ஸ்லாட் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு, மாடல் எண்ணோடு பில்லில் எழுதி வாங்குங்கள்.