விர்ச்சுவல் ஒர்க் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர் பீன்யாவில் இயந்திர வடிவமைப்பு வேலைக்கு வருடா வருடம் ஓசூர், சேலம், கோவைப் பக்கமிருந்து பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் விர்ச்சுவல் ஒர்க், அதாவது மெய்நிகர் வேலைக் கோட்பாட்டைக் கையில் எடுத்தால் மட்டும், நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செய்த அதே தவறுகள் அச்சு மாறாமல் திரும்ப வருகின்றன. டிகிரி-ரேடியன் குழப்பம், கூட்டல் பிழை இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, அதைக் கால்குலேட்டரே காட்டிக்கொடுத்துவிடும். காகிதத்தில் விடை ஒழுங்காகத் தெரிந்து, இரும்பை வெட்டி வெல்டிங் முடித்த பிறகு காலை வாருகிற தவறுகள்தான் எனக்குக் கவலை.

கோட்பாடு சின்னது. சமநிலையில் இருக்கும் ஓர் அமைப்பை, அதன் கட்டுப்பாடுகள் இடம் கொடுக்கிற திசையில் இம்மியளவு நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உராய்வும் இல்லை, பாகங்கள் வளையவும் இல்லை என்றால், அந்த நகர்வில் வெளிவிசைகள் செய்யும் மொத்த வேலை பூஜ்யம். பின்களிலும் ரோலர்களிலும் இருக்கிற எதிர்விசைகள் வேலை செய்யாததால் கணக்குக்குள்ளேயே வராது. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே பிரித்து எழுத வேண்டிய இடத்தில் ஒரே சமன்பாட்டில் முடிந்துவிடும். அந்தச் சௌகரியத்தில்தான் ஆட்கள் அசந்துபோகிறார்கள்.

முழு நகர்வை வைத்து வகுப்பது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் இது காசைத் தின்னும் தவறு.

ஒரு பட்டறையில் சிஸர் லிஃப்ட் டேபிள் செய்தார்கள். கத்தரிக்கோல் மாதிரி குறுக்காகப் போகிற கைகள், ஒவ்வொன்றும் 1 மீட்டர். கீழே ஒரு முனை பின்னில் நிலையாக, இன்னொரு முனை ரோலரில். ரோலரை ஹைட்ராலிக் சிலிண்டர் உள்ளே இழுத்தால் டேபிள் ஏறும். தரையோடு கைகளின் கோணம் 10 டிகிரியில் தொடங்கி 45 வரை. சுமையும் டேபிளும் சேர்த்து 5 கிலோநியூட்டன். கணக்குப் போட்ட தம்பி என்னிடம் சொன்னது இது: "அண்ணா, உள்ள போற வேலையும் வெளிய வர்ற வேலையும் சமம்தானே? டேபிள் ஏறுன தூரத்தை ரோலர் நகர்ந்த தூரத்தால வகுத்தா விசை வந்துடுமே?"

அவர் போட்டபடி, டேபிள் ஏறியது 53 சென்டிமீட்டர், ரோலர் நகர்ந்தது 28 சென்டிமீட்டர். சுமையைப் போல் 1.92 மடங்கு, அதாவது 9.6 கிலோநியூட்டன். பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு சேர்த்து 14.4. அதற்கு 50 மில்லிமீட்டர் சிலிண்டர், 75 பார் அழுத்தம். பார்க்கக் கச்சிதமாக இருக்கிறது.

சுமையை ஏற்றி பட்டனை அழுத்தினால் டேபிள் அசையவில்லை. அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்கிற ரிலீஃப் வால்வு சீறி, எண்ணெய் திரும்பத் தொட்டிக்கே போனது. ஃபிட்டர் செயின் பிளாக் (சங்கிலியால் இழுத்துத் தூக்கும் கப்பி) மாட்டிக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டதும், அப்புறம் தானாகவே மேலே வரை ஏறியது! உடனே பம்ப்பில் காற்று புகுந்துவிட்டது என்று முடிவு கட்டி, நாள் கணக்கில் பம்ப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பம்ப்பில் ஒரு கோளாறும் இல்லை.

டேபிளின் உயரம், கை நீளம் பெருக்கல் சைன் கோணம். ரோலரின் தூரம், கை நீளம் பெருக்கல் காஸ் கோணம். இரண்டையும் கோணத்தை வைத்து வகையிட்டு வேலையைச் சமப்படுத்தினால், தேவையான விசை என்பது சுமையை டேன் கோணத்தால் வகுத்தது. 45 டிகிரியில் அது சுமைக்குச் சமம், 5 கிலோநியூட்டன். 10 டிகிரியில் சுமையைப் போல் 5.67 மடங்கு, 28 கிலோநியூட்டனுக்கு மேல். அதே சிலிண்டரில் ஏறக்குறைய 145 பார் வேண்டும். 14.4 கிலோநியூட்டனை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 19 டிகிரி வரும்வரை அந்த டேபிளைக் கிளப்பவே முடியாது. செயின் பிளாக் ஏன் உதவியது என்று இப்போது புரியும்.

தம்பி போட்டது முழுப் பொய்யும் இல்லை. மொத்த ஆற்றலுக்கு அது சரியான விடை, ஒரு தடவை ஏற்ற எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதிலிருந்து கிடைப்பது சராசரி விசை. சிலிண்டர் சராசரியில் நின்று தூக்குவதில்லை, மிக மோசமான இடத்தில் நின்று தூக்க வேண்டும். 1717-ல் சுவிஸ் கணித மேதை யோஹான் பெர்னூலி, பிரெஞ்சுக் கணிதர் வாரிஞோனுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பொது விதியாகச் சொன்னபோதே, ஒவ்வொரு புள்ளியும் அந்தக் கணத்தில் நகரத் தொடங்கும் வேகத்தைத்தான் கணக்கில் எடுத்தார், கடைசியில் போய்ச் சேரும் தூரத்தை அல்ல. முந்நூறு வருடம் கழித்தும் நாம் போய்ச் சேரும் தூரத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

இந்த நிலைமையில் மாட்டிக்கொண்டால், தயவுசெய்து ரிலீஃப் வால்வைத் திருகி அழுத்தத்தை ஏற்றாதீர்கள். பின், பிராக்கெட், வெல்டிங் எல்லாமே அந்தக் குறைந்த விசையை நம்பிப் போட்டவை. தொடக்கக் கோணத்தை 15 டிகிரி ஆக்கினாலே 3.73 மடங்காகக் குறைந்துவிடும், டேபிள் கொஞ்சம் உயரமாக நிற்கும், அவ்வளவுதான். அது முடியாது என்றால் சிலிண்டரைப் படுக்கையாக வைக்காமல், சாய்வாகக் கையில் மாட்டுங்கள். அப்போது சிலிண்டரின் நீளத்தைக் கோணத்தின் சார்பாக எழுதி வகையிட வேண்டும். பத்துப் பதினைந்து கோணத்துக்கு அட்டவணை போட்டு, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதி போடுவது

விசை பெருக்கல் தூரம் என்று வேலையை எழுதும்போது முன்னால் அரை போடாதீர்கள். கம்பி நீளும்போது விசை பூஜ்யத்திலிருந்து ஏறுவதால்தான் அங்கே அரை வருகிறது. மெய்நிகர் நகர்வில் விசை முழுசாக ஏற்கெனவே இருக்கிறது.

கூட்டல்-கழித்தல் குறியை ஊகிப்பது

நிலையான புள்ளியிலிருந்து தூரத்தை எழுதி வகையிடுங்கள். குறி தானாக வரும்.

நகரும் புள்ளியிலிருந்து அளப்பது

இரட்டை அடுக்கு சிஸர் லிஃப்ட்டில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மேல் அடுக்கின் உயரத்தை நடுவில் இருக்கிற பின்களிலிருந்து அளந்துவிடுகிறார்கள். அந்தப் பின்களும் மேலே போய்க்கொண்டிருக்கின்றன. தரையிலிருந்து அளந்தால் உயரம் இரண்டு மடங்கு, தேவையான விசையும் இரண்டு மடங்கு. இதை விட்டால் சரியாகப் பாதி விசையில் வந்து நிற்பீர்கள்.

கைகளின் எடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றை அடுக்கில் கைகளின் எடை மையம் டேபிளின் பாதி உயரத்தில் இருக்கிறது, அதனால் அவற்றின் எடையில் பாதியைச் சுமையோடு சேர்க்க வேண்டும். முழுசாகச் சேர்த்தால் நஷ்டம் கொஞ்சம்தான். சிலர் சேர்ப்பதே இல்லை.

எதிர்விசை வேண்டும் என்றால்

எதிர்விசை கணக்கில் வராது என்று சொன்னேன். அதுவே வேண்டும் என்றால் அந்த ஒரு தாங்கியை மட்டும் விடுவித்து, எதிர்விசையை வெளிவிசையாக வரையுங்கள். இரண்டு முனையிலும் தாங்கி வைத்த 4 மீட்டர் நீள உத்தரம் (பீம்), இடது முனையிலிருந்து 1 மீட்டரில் 10 கிலோநியூட்டன் சுமை. வலது தாங்கியை எடுத்துவிட்டு அந்த முனையை இம்மி உயர்த்தினால் சுமை அதில் கால் பங்கு உயரும், ஆக எதிர்விசை 2.5. ஒரே நேரத்தில் இரண்டு தாங்கிகளை விடுவித்துவிட்டு ஒரே சமன்பாட்டோடு முழிக்க வேண்டாம். இரண்டு சுதந்திர நகர்வு என்றால் இரண்டு சமன்பாடு.

உராய்வை மறப்பது

உராய்வு இல்லாத சிஸர் லிஃப்ட்டில் சுமையை டேபிளின் எந்த மூலையில் வைத்தாலும் சிலிண்டர் விசை மாறாது, ஏனென்றால் டேபிள் முழுவதும் ஒரே அளவு உயர்கிறது. மளிகைக் கடைகளில் முன்பு இருந்த, தட்டு மேலே உட்கார்ந்திருக்கிற தராசில் பொருளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாலும் எடை மாறாததற்கு இதுதான் காரணம். பிரெஞ்சுக் கணிதர் ரோபெர்வால் 1669-ல் காட்டிய அமைப்பு அது. ரோலருக்குப் பதில் சறுக்குக் கட்டை போட்டீர்களானால் இந்தச் சௌகரியம் போய்விடும். கட்டையின் மேல் விழும் செங்குத்து விசை, சுமை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும், சுமை கட்டைப் பக்கம் போகப் போக உராய்வும் ஏறும். அந்தச் செங்குத்து விசை விர்ச்சுவல் ஒர்க்கில் தானாகக் கிடைக்காது. முதலில் திருப்புத்திறன் சமன்பாட்டில் அதைக் கண்டுபிடித்து, உராய்வு செய்யும் வேலையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சுமை கட்டைப் பக்க ஓரத்தில் இருப்பதாக வைத்துப் போடுங்கள், சிலிண்டருக்கு அதுதான் கடினமான நிலை.