வீட்டில் செதுக்கும் சர்ஃப் போர்டு: நடுக்கோட்டைத் தொலைக்காதீர்கள்

காரைக்குடியில் உட்கார்ந்து, தெர்மகோலைச் செதுக்கி சர்ஃப் போர்டு (அலையில் சறுக்கும் பலகை) செய்வதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பக்கத்துக் கடல் தொண்டி. பாக் நீரிணை ஆழம் குறைந்த, அடங்கிய கடல் என்பதால் போர்டு மிதக்கிறதா என்று அங்கே பார்க்கலாம், சறுக்கிப் பார்க்க முடியாது. அதற்கு மணப்பாடோ கோவளமோ போக வேண்டும். செதுக்கலில் செய்த தப்பு அவ்வளவு தூரம் போன பிறகுதான் தெரியவரும். புதிதாகத் தொடங்கும் தம்பிகள் எங்கள் பழைய கூத்தையே மறுபடி ஆடுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தெர்மகோலில் பாலியெஸ்டர் ரெசின் (ஃபைபர் துணியோடு மேலே பூசும் பிசின்) பட்டால் கரைந்துவிடும், எபாக்ஸிதான் வேண்டும், முகமூடி போடுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொன்னது. விட்டுவிடுகிறேன்.

இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். நடுவே மரச்சட்டம் வைத்த கட்டை என்றால் நடுக்கோடு எப்போதும் கண்ணில் இருக்கும். வெறும் தெர்மகோலில் இருப்பது ஒரு பென்சில் கோடு, அவ்வளவுதான். முதல் உப்புத்தாளிலேயே அது போய்விடும். திரும்பப் போட ஒருவரும் மெனக்கெடுவதில்லை. அப்புறம் எல்லாம் கண்ணளவு.

போன கோடையில் ஒரு தம்பி, பூட்டிக் கிடந்த சொந்தக்காரர் வீட்டு வளவில் வைத்துச் செதுக்கிக்கொண்டிருந்தான். நல்ல இடம், நீளமான தாழ்வாரம். ஆனால் வெளிச்சம் முற்றத்துப் பக்கமிருந்து மட்டும்தான் விழும். நிழலில் இருக்கும் விளிம்பின் வளைவு வேறு மாதிரி தெரியும். அவன் நிழல் பக்கத்தை இழைத்தான். பிறகு வெளிச்சப் பக்கம் தடித்துத் தெரிந்தது, அதை இழைத்தான். குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான். நான் போனபோது, இரண்டே முக்கால் அங்குலத்தில் தொடங்கிய போர்டு இரண்டு அங்குலத்துக்கு வந்திருந்தது. “ரெண்டு பக்கமும் சமமாயிருச்சுல்லண்ணே?” என்றான். சமம்தான், ஆனால் அவன் எடையைத் தாங்காது. பழகுகிறவர் ஏறுவது சின்ன அலை. மிதப்பு குறைந்த போர்டு அந்த அலையைப் பிடிக்கவே பிடிக்காது.

ஒரு பக்கம் அதிகம் போய்விட்டதா? அரத்தைக் கீழே வையுங்கள். நம் ஊர்த் தச்சர்கள் அடிப்பதுபோல நூலில் சாயம் தோய்த்து, மூக்கிலிருந்து வால் வரை நடுக்கோட்டை மறுபடி அடியுங்கள். பாதி வடிவ அட்டையை ஒரு பக்கம் வைத்துப் பாருங்கள், அதையே புரட்டி மறுபக்கமும் வையுங்கள். வாலிலிருந்து அடிக்கொரு இடத்தில் இரண்டு பக்கத் தடிமனையும் அளந்து போர்டின் மேலேயே எழுதுங்கள். அதன் பிறகு போர்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், பாதிக் கோணல் வெளிச்சத்தின் வேலை என்று தெரியும். மிச்சம் ஓரிரு மில்லிமீட்டர் என்றால் விட்டுவிடுங்கள், ஏறி நிற்பவர் காலுக்கு அது தெரியாது. ஆழமான வெட்டு என்றால் அதே அடர்த்தித் தெர்மகோல் துண்டை ஒட்டிச் செதுக்குங்கள். எபாக்ஸிப் பட்டி சின்னக் குழிக்கு மட்டும்தான். அது தெர்மகோலைவிடக் கடினம். தேய்க்கும்போது பட்டி அப்படியே நிற்கும், சுற்றியுள்ளது பள்ளமாகும்.

மே மாத மதியத்தில் ரெசின்

வேண்டாம். வெயில் ஏறும்போது தெர்மகோலுக்குள் இருக்கும் காற்று விரிந்து ரெசினைக் குமிழியாகக் கிளப்பும். வெயில் தாழ்ந்த பிறகு பூசுங்கள்.

ஃபின்னை விளிம்பிலிருந்து அளப்பது

ஃபின் என்பது போர்டின் அடியில் வால் பக்கம் நிற்கும் துடுப்பு. விளிம்பே கோணல் என்றால் ஃபின்னும் கோணல்தான். கடைசியில் நடுக்கோட்டிலிருந்து ஒரு தடவை சரிபார்த்தாலே போதும், இது பிடிபட்டுவிடும். ஆறடிப் போர்டில் மூன்று ஃபின் என்றால், நடு ஃபின்னின் பின்முனை வாலிலிருந்து மூன்றரை அங்குலம், பக்க ஃபின்களின் பின்முனை சுமார் பதினொன்று. பக்க ஃபின் நேராக நிற்கக் கூடாது. முன்முனை பின்முனையைவிடக் கால் அங்குலம் போல நடுக்கோட்டுக்கு நெருங்க வேண்டும், நுனி சில டிகிரி வெளியே சாய வேண்டும். தட்டையான முகம் உள்பக்கம். ஒட்டுவதற்கு முன் மூக்கு நுனியிலிருந்து இரண்டு பக்க ஃபின்னின் முன்முனைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். நீளம் ஒன்றாக இல்லையென்றால், அலையில் போர்டு ஒரே பக்கம் இழுக்கும்.

எத்தனை ஃபின்?

மூன்று. 1981-ல் ஆஸ்திரேலியச் சர்ஃப் வீரர் சைமன் ஆண்டர்சன் அந்நாட்டின் பெல்ஸ் பீச் போட்டியை மூன்று ஃபின்னில் வென்றதிலிருந்து குட்டைப் போர்டுகளுக்குப் பெரும்பாலும் அதுதான் வழக்கம். இரண்டு ஃபின்னில் இன்னொரு ஆஸ்திரேலியர் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை உலகப் பட்டம் வாங்கினார், உண்மைதான். ஆனால் அவர் கால் வேறு, நம் கால் வேறு. எப்போது வேண்டுமானாலும் மூன்றாகவோ நான்காகவோ மாற்றலாம் என்று, ஃபின்னைச் செருகும் பெட்டி ஐந்து பதிக்கிறார்கள். முதல் போர்டில் அது தண்ணீர் நுழைய ஐந்து வழி, வேறொன்றும் இல்லை. ஒன்பதடிப் போர்டு என்றால் நீளப் பெட்டியில் ஒற்றை ஃபின் போதும். முன்னே தள்ளினால் சுலபமாகத் திரும்பும், பின்னே தள்ளினால் நேராகப் பிடிக்கும்.

கறுப்புப் பெயிண்ட்

அடிக்காதீர்கள். நம் வெயிலில் சூடேறி ஃபைபர் பிரிந்துவிடும்.