தாய்லாந்தில் ஓய்வுக்கால வீடு: குடியிருப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

50 வயது நிறைந்தாலே தாய்லாந்தின் ஓய்வுக்கால விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதைக் கேட்டதும் பலர் நேராக நீச்சல்குளம் வைத்த வில்லாக்களின் படங்களுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டைக் கடைசியில் பாருங்கள். 80 வயதில், வண்டி ஓட்ட முடியாத நிலையில், இந்த ஊரில் காலம் தள்ள முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

படி 1: பணக் கணக்கு

இந்த விசாவுக்குத் தாய்லாந்து வங்கி ஒன்றில் 8 லட்சம் பாத் இருக்க வேண்டும். நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். இல்லையென்றால் மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். விசாவை நீட்டித்த பிறகும் 3 மாதத்துக்கு அந்த 8 லட்சத்தைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகும் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. ஆகவே இதைச் செலவுக்கான பணமாக நினைக்கவே வேண்டாம். இந்தியாவில் எடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. வயது 70ஐத் தாண்டிவிட்டால் புதிதாக எடுப்பதும் கடினம்.

படி 2: ஊர்

வெளிநாட்டு ஓய்வூதியர்கள் அதிகம் போகும் ஊர்களில் இரண்டைச் சொல்கிறேன். வடக்கே சியாங் மாய்: செலவு குறைவு, டிசம்பரில் இதமான குளிர். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் தீ வைப்பதால் ஊரே புகையில் மூழ்கும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த ஊரை நான் சொல்லவே மாட்டேன். பாங்காக்கிலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி, கடலோரத்தில் இருக்கிறது ஹுவா ஹின். அங்கே அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும்.

படி 3: மோசமான மாதத்தில் வாடகைக்கு இருங்கள்

சியாங் மாய் என்றால் மார்ச்சில், ஹுவா ஹின் என்றால் அக்டோபரில் போய், பிடித்திருக்கும் குடியிருப்பிலேயே ஒரு மாதம் வாடகைக்கு இருங்கள். டிசம்பரில் பார்த்தால் எந்த ஊரும் பிடித்துத்தான் போகும்.

அந்த மாதத்தில் ஒருநாள், காலை 11 மணி வெயிலில், வாசல் கேட்டிலிருந்து அருகிலுள்ள மருந்துக்கடைக்கு நடந்தே போய்ப் பாருங்கள். நடைபாதை இருக்கிறதா, நாய்கள் விரட்டுகின்றனவா, வழியில் நிழல் உண்டா எல்லாம் தெரிந்துவிடும். ஹுவா ஹின்னின் வில்லாக் குடியிருப்புகள் பலவும் கடற்கரையில் இல்லை. ஊரின் பெரிய சாலையான பெட்காசெமுக்கு மேற்கே உள்ளே தள்ளியிருக்கின்றன. நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரியான சாங்தேவ் வண்டி பெரிய சாலையோடு சரி. கார் இல்லையென்றால் அங்கே வீட்டுச் சிறைதான்.

சைவக்காரர்கள் சாப்பாட்டையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரிந்தால் அது ‘ஜே’ கடை. இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட அங்கே கிடையாது.

இரவில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள், ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும் என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

படி 4: பத்திரம்

பொதுவாக வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி வீடு வாங்கலாம்; ஆனால் ஒரு கட்டடத்தில் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் வெளிநாட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து 49 சதவீதம் வரைதான் சொந்தமாக வைத்திருக்கலாம். தனி வீடு என்றால் நிலம் குத்தகைதான், அதிகபட்சம் 30 ஆண்டு. “இன்னும் இரண்டு தடவை புதுப்பித்துத் தருகிறோம்” என்பது விற்பவரின் வாய்ச்சொல், அதை நம்பி விலை கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

படி 5: ஒருவர் முந்திக்கொண்டால்

இதைப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனாலும் இருவரும் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும். கணவர் பெயரில் விசா, மனைவி அவரைச் சார்ந்தவர் என்று பதிந்திருந்தால், கணவர் காலமானதும் மனைவியின் விசாவுக்கு அடிப்படையே போய்விடும். கணவரின் வங்கிக் கணக்கும் முடங்கும். நீதிமன்றம் உயில் நிறைவேற்றுநரை நியமிக்கும்வரை பணத்தை எடுக்க முடியாது. துக்கத்தில் இருப்பவர் கையில் பணமும் இல்லாமல், இமிகிரேஷனுக்கும் அலைய வேண்டிவரும். எனவே தாய்லாந்துச் சொத்துக்கு அங்கேயே தனி உயில் எழுதிவையுங்கள். இருவருக்கும் 50 நிறைந்து, வசதியும் இருந்தால் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு விசா என்று முதல் ஆண்டிலேயே வாங்கிவிடுங்கள்.