செல்ஃப் எடுக்காத பிக்கப், சூடான கிளட்ச் கேபிள்

யாங்கூனில் மழை பிடித்ததிலிருந்து எங்கள் அரிசிக்கடை பிக்கப் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டிக்’, அவ்வளவுதான். புது பேட்டரி போட்டோம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் நன்றாகவே சுற்றியது. ரிலேயும் மாற்றியாச்சு, காசுதான் கரைந்தது.

நாலைந்து தடவை சாவி போட்டபின் தற்செயலாகக் கிளட்ச் கேபிளில் கை பட்டது. சுட்டது! அது ஏன் சுட வேண்டும்? பேட்டரிக்குத் திரும்பும் கரண்ட் வேறு வழியில்லாமல் அந்தக் கம்பி வழியே ஓடுகிறது.

மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் இரும்பிலும் மற்றதைப் பேட்டரி நெகட்டிவிலும் பிடித்துக்கொண்டு, தம்பியைச் சாவி போடச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 4-ஐத் தாண்டியது. அப்படியென்றால் எஞ்சினிலிருந்து கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய எர்த் பட்டையில்தான் தடை. பட்டை மேலே பளபளப்பு. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பட்டை முறுக்கியதும் உடனே ஸ்டார்ட். கிளட்ச் கேபிளையும் மாற்றிவிட்டேன், உள் பிளாஸ்டிக் உருகியிருந்தது.