சுங்கானில் பேர்லிப் புகையிலையின் தரமறிதல்

1864இல் அமெரிக்காவின் ஒகாயோவில் கண்டறியப்பட்ட வெள்ளை பேர்லி, காற்றில் வாரக்கணக்கில் உலர்த்தப்படுவதால் சர்க்கரையைப் பெரும்பாலும் இழந்து, கடலையும் கொக்கோவும் கலந்ததொரு மணத்தைப் பெறுகிறது. நுவரெலியா மூடுபனியில் திறந்து வைத்த இலை ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், முதலில் ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே அழுத்திப் பாருங்கள். கட்டியாக ஒட்டிக்கொண்டால் கடதாசியில் பரப்பி உலரவிட வேண்டும், மெல்ல விரிந்தால் பதம் சரி. சுங்கானின் (புகைக்குழாயின்) அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் நிரப்பி, பற்றவைத்து, மேலெழும் இலையை அமர்த்தி, மீண்டும் பற்றவையுங்கள். கொதிக்கும் சாயத் தண்ணீரை (வெறும் தேநீரை) உறிஞ்சுவது போல, புகையை வாயளவில் மெதுவாக எடுக்க வேண்டும். (அப்படியும் வாய்ப் புற்றுநோய் அபாயம் உண்டு.) சுங்கான் கையைச் சுட்டால் வரும் கசப்பு அவசரத்தின் விளைவேயன்றி இலையின் குற்றமல்ல, ஆறவிட்டுத் தொடர்ந்த பின்னும் கசந்தால் மட்டுமே இலையைக் குறைகூறலாம்.