ராமேஸ்வரத்துக்கு ஒரே நாள் போகிறவர்களுக்கு

ராமநாதசுவாமி கோயிலை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு, மதியம் நடை சாத்தியிருக்கும் நேரத்தைத் தனுஷ்கோடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலர் காலையில் தனுஷ்கோடி போய்விட்டு நண்பகலில் திரும்பி, பூட்டிய கோபுரவாசலில் காத்துக் கிடக்கிறார்கள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, உள்ளே 22 தீர்த்தமும் ஆடி, உடை மாற்றி, நீண்ட பிரகாரத்தைச் சுற்றிவரவே அரை நாள் ஓடிவிடும். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணிப் பையை மறக்க வேண்டாம்.

சாப்பாடு முடிந்து வெயில் சற்றுச் சாய்ந்ததும் கிளம்புங்கள். தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர்தான். அரசுப் பேருந்திலேயே போகலாம், ஆட்டோ பேரம் மிச்சம். 1964 புயலில் இடிந்த தேவாலயம் வழியிலேயே இருக்கிறது. அந்தப் புயலுக்குத் தப்பிய கோதண்டராமர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் அரிச்சல்முனையில் நின்று இருட்டும்வரை கடல் பார்க்க முடியாது, மாலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆடி, தை அமாவாசைகளில் இந்தக் கணக்கு எடுபடாது. அன்று கூட்டமும் நடை நேரமும் வேறு. புயல் எச்சரிக்கை இருந்தால் தனுஷ்கோடிப் பாதையையே அடைத்துவிடுவார்கள். சிறு குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் பேருந்தை விட்டுவிட்டு வண்டி பிடியுங்கள். அந்த மணலில் ஒதுங்க நிழல் கிடையாது.