ஃபேட் பர்னர்: இரண்டாவது காப்ஸ்யூலில் தொடங்கும் சிக்கல்

ஃபேட் பர்னர் என்பது கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் கேஃபைன் காப்ஸ்யூல். ஜிம்மில் காலை ஐந்தரை மணி பேட்ச்சில் வரும் தம்பி ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "அண்ணா, பர்னர் இப்பல்லாம் கேக்கவே மாட்டேங்குது. ரெண்டா போடலாமா?" 2014-ல் நான் என் மாஸ்டரிடம் கேட்ட அதே கேள்வி. அவர் "போடு" என்றார், நானும் போட்டேன். அந்தத் தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதையும், பர்னர் போடுபவர்கள் செய்யும் தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

கர்ப்பிணிகள் தொடக் கூடாது, பிரஷர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். அதற்குள் நான் போகவில்லை.

வியர்வையைப் பார்த்துக் கொழுப்பு கரைகிறது என்று நம்புவது

காப்ஸ்யூல் போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடாகும், நெஞ்சு படபடக்கும், சட்டை நனையும். காபியில் இருக்கும் அதே கேஃபைன் நரம்புகளை முடுக்கிவிட்டதன் அடையாளம் அது. உடல் செலவழிக்கும் கலோரியையும் அது சற்றுக் கூட்டும், உண்மைதான். ஆனால் நாளெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒன்றிரண்டு இட்லிக் கணக்குத்தான் வரும். முதல் வாரம் எடை மிஷினில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பகுதி உடம்பிலிருந்து போன தண்ணீர்.

பழகிப்போனதும் அளவைக் கூட்டுவது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒன்றை நினைத்துத்தான்.

நம் மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. "களைத்துவிட்டாய், படு" என்று சொல்வது அதன் வேலை. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் கேஃபைன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது, அடினோசினுக்காகக் கூடுதல் இடங்களை உண்டாக்கிக்கொள்ளும். அப்போது பழைய அளவு போதாது. பர்னர் "கேக்கவில்லை" என்று நாம் சொல்வது இதைத்தான்.

எனக்கு ஒன்று இரண்டானது. மூன்றாவதைச் சாயங்கால கார்டியோவுக்காகச் சேர்த்துக்கொண்டேன். ஒரு காப்ஸ்யூலில் 200 மில்லிகிராம் கேஃபைன். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்தான் எல்லை என்கிறார்கள். நான் 600-ல் இருந்தேன், வீட்டுக் காபி தனி. ராத்திரி இரண்டு மணி வரை விழித்துக் கிடப்பேன். தூக்கம் இல்லாததால் மறுநாள் பசி கூடும். பசியை அடக்க மறுபடியும் காப்ஸ்யூல்.

ஞாயிற்றுக்கிழமை ஜிம் லீவு என்பதால் அன்றைக்கு மட்டும் போட மாட்டேன். மதியத்துக்குள் மண்டை பிளக்கும். அம்மா தரும் ஒரு டம்ளர் காபிக்கெல்லாம் அது அடங்காது. திங்கட்கிழமை காலை காப்ஸ்யூல் போட்டதும் தலைவலி மாயமாகிவிடும். "பார், உடம்புக்கு இது தேவைப்படுது" என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னை ஒன்றரை வருஷம் கட்டிப்போட்டது. கேஃபைன் நின்றதும் மூளையின் ரத்தக் குழாய்கள் விரிவதால் வரும் வலி அது. கடைசியாகப் போட்டதிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். முதல் இரண்டு நாள் மோசமாக இருக்கும். அதிகம் போனால் ஒன்பது நாளில் அடங்கிவிடும். இதை அன்று யாராவது ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் ஒரு ரத்ததான முகாமில்தான் தெரிந்தது. பிரஷர் 152/98. 27 வயதில், வயிற்றில் சிக்ஸ் பேக் தெரிய நின்றவனை ரத்தம் எடுக்காமல் திருப்பி அனுப்பினார்கள்.

விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரேயடியாக நிறுத்துபவர்கள் பெரும்பாலும் மூன்றாம் நாளே தலைவலி தாங்காமல் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு போடுபவர் ஒரு வாரம் ஒன்று போடட்டும். அடுத்த வாரம் அதற்குப் பதில் காலையில் ஒரு காபி மட்டும். சோர்வு இருக்கும், சிடுசிடுப்பு வரும், பசி திரும்பும், இரண்டு மூன்று கிலோ ஏறவும் செய்யும். எனக்கு மூன்று கிலோ ஏறியது.

கேஃபைனை ஒரே பெயரில் தேடுவது

குவாரானா, கோலா நட், கிரீன் டீ சாறு, கிரீன் காபி, எல்லாவற்றிலும் அதே கேஃபைன்தான். 'பிளெண்ட்' என்று மொத்த எடையை மட்டும் போட்டு, எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள். பயிற்சிக்கு முன் ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் குடிப்பவர்கள் அதிலுள்ள கேஃபைனையும் கூட்டிப் பாருங்கள்.

'ஹெர்பல்' என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பது

எஃபெட்ராவும் மூலிகைதான். 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது அமெரிக்க பேஸ்பால் வீரர் பயிற்சியில் உடல் வெப்பம் எல்லை மீறி இறந்தார். அவர் எடுத்துவந்த எஃபெட்ரா மாத்திரைக்கும் அதில் பங்குண்டு என்று பிரேதப் பரிசோதனை அதிகாரி சொன்னார். அடுத்த வருஷம் அமெரிக்கா அதை சப்ளிமென்ட்டுகளில் தடை செய்தது. சித்திரை வெயிலில், ஏசி இல்லாத ஹாலில் பர்னர் போட்டுவிட்டு ட்ரெட்மில் ஏறுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வரும்.

சிபுட்ரமைன் என்ற எடைக் குறைப்பு மருந்தின் கதை வேறு. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது, 2011-ல் இந்தியாவிலும் தடை. ஆனாலும் 'முழுக்க மூலிகை' என்று விற்கும் மெலிவு மாத்திரைகளைச் சோதிக்கும்போது அது அகப்பட்டுக்கொண்டே இருக்கிறது. லேபிளில் இருக்காது.

மதியத்துக்கு மேல் போடுவது

உள்ளே போன கேஃபைனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரித் தூக்கம் கெடும்.

சளி மாத்திரையோடு சேர்ப்பது

பர்னரைப் போலவே மூக்கடைப்பு மாத்திரைகள் பலவும் பிரஷரை ஏற்றும். சேர்க்காதீர்கள்.

டாக்டரிடம் மறைப்பது

நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான இதயத் துடிப்பு, தாங்க முடியாத தலைவலி வந்தால் செட்டை முடிக்கவெல்லாம் நிற்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "புரோட்டீன் மட்டும்தான் சாப்பிடுறேன்" என்று சொல்லாமல், அந்த டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.